15 அங்குல உயரத்துக்குள் கொத்தமல்லி: தாராவி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மும்பையில் வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: தரையில் இடமில்லையென்றால் சுவரில் ஏற்றுங்கள். அடுக்குத் தொட்டி, தொங்கும் பை, ஆளுயரக் கோபுரம் என்று கடைகளில் விற்பதெல்லாம் இந்த யோசனையை நம்பித்தான். ஆனால் ஐந்து பேர் வாழும் 225 சதுர அடி வீட்டில் முதலில் நிரம்புவதே சுவர்தான். அரிசி டிரம், சூட்கேஸ், பிள்ளைகளின் புத்தகம், விருந்தாளிக்கென்று சுருட்டி வைத்த பாய் எல்லாம் தரையைப் பிள்ளைகள் படுக்க விட்டுவிட்டு மேலேதான் ஏறி உட்கார்ந்திருக்கும். இந்த வீடுகளில் செடிக்குக் கிடைப்பது இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு. நீளமும் அகலமும் ஓரளவு இருக்கும், உயரம் இருக்காது.

அப்படி ஒரு இடுக்கில் என்ன செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்பதை ஒரு வீட்டை வைத்து முழுமையாக எழுதுகிறேன். மும்பைத் தமிழர் வீடுகளில் செடி வளர்ப்புக்கு உதவி வருகிறேன். பல வீடுகளில் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறேன். இந்த வீட்டில்தான் தொடக்கத்திலிருந்து அளந்து, குறித்து வைத்து, நான்கு பருவமும் பார்க்க வாய்த்தது.

வீடு

தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஏழு மாடிக் கட்டடம், இரண்டாவது மாடி. குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி கொடுத்த காலத்தில் கட்டியது. அந்த அளவு பிற்பாடு 269 ஆகி, 300 ஆனது. நான் அக்கா என்று கூப்பிடும் வீட்டுக்காரப் பெண்மணி, அவர் கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்றரை மணிக்கே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கட்டடத்துக்கு வருவதற்கு முன் இருந்த குடிசையில் இரும்பு ஏணி வைத்த மேல்தளமும் அதற்கு மேல் தகரக் கூரையும். கூரை விளிம்பில் துளசி, கறிவேப்பிலை, கனகாம்பரம் என்று மாமியார் தொட்டி வைத்திருந்தார். கட்டடத்துக்கு வந்தபோது தண்ணீர், கழிப்பறை, உறுதியான சுவர் எல்லாம் கிடைத்தன, வெயில் போய்விட்டது. மாமியாருக்குக் காலையில் எழுந்து கை வைக்க ஏதாவது பச்சை வேண்டும் என்பதுதான் அக்காவின் முதல் கோரிக்கை. கொத்தமல்லி, கீரை எல்லாம் அதற்கு அப்புறம். இட்லி வியாபாரத்துக்கான கொத்தமல்லிக்கட்டு தாதர் சந்தையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. அதை இந்த இடுக்கால் ஈடுகட்ட முடியாது என்பதில் எங்களுக்குள் ஆரம்பத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது.

ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரில், கை நீட்டிப் பேசும் தூரத்தில் அடுத்த கட்டடம். நண்பகலில் ஜன்னல் விளிம்பில் வெளிச்சத்தை மொபைல் செயலியில் அளந்தால் 900 லக்ஸ், செடி வைக்க நினைத்த இடத்தில் 100-ஐ ஒட்டி. வெட்டவெளியில் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். மொபைல் அளவில் பிழை உண்டு. ஆனாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வரும்போது அந்தப் பிழை ஒரு பொருட்டல்ல. ஜன்னலை நம்பி இந்த வீட்டில் ஒரு செடியும் வளராது.

முன்பு நடந்தது

நான் போவதற்கு முன்னாலேயே அக்கா ஒரு முயற்சி செய்து முடித்திருந்தார். கடையில் 'செடி விளக்கு' என்று கொடுத்த ஊதா நிற பல்பு ஒன்றை ராக்கின் மேல் தட்டுக்கு அருகில் மாட்டி, இரண்டடி கீழே தொட்டியில் மல்லி விதைத்திருக்கிறார். முளைத்தது. ஒரு வாரத்தில் நூல்போல வெளுத்த தண்டோடு விரல் நீளத்துக்கு எழுந்தது.

"நல்லா உசரமா வருதுன்னு சந்தோசப்பட்டேன் தம்பி. மறுநாள் பாத்தா எல்லாம் படுத்துட்டு."

அந்த உயரம் வளர்ச்சியே அல்ல. வெளிச்சம் போதாத நாற்று, இலைக்குச் செலவிட வேண்டியதைத் தண்டை நீட்டுவதில் செலவிட்டு வெளிச்சத்தைத் தேடிப் போகிறது. விதைக்குள் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் தாங்க முடியாமல் சாய்கிறது. ஈரமான மண்ணில் அடித்தண்டு அழுகும் நாற்றழுகல் நோயும் சேர்ந்தால் ஒரே இரவில் தட்டு காலி. பல்பு கெட்ட பல்பு என்று நான் சொல்ல மாட்டேன். பல்பின் வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிவது. தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டடி கீழே இருந்த தொட்டிக்குக் கிடைத்தது சொற்பம். பல்பைக் கீழே இறக்கினாலோ நடுவில் ஒரு வட்டம் மட்டும் பிரகாசமாகி ஓரங்கள் இருளும். உயரம் குறைந்த இடத்தில் பல்பு தோற்பதற்குக் காரணம் இந்த வடிவம்தான், வாட் அல்ல.

உயரக் கணக்கு

வீட்டில் இரும்பு ஆங்கிள் ராக் ஒன்று இருந்தது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஐந்து தட்டு. இடுப்பு உயரத்தில் இருந்த தட்டில் பழைய நோட்டுப் புத்தகங்கள் மட்டும். அதைக் காலி செய்யலாம் என்றார்கள். அதற்கும் மேல் தட்டுக்கும் நடுவில் 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். மேல் தட்டை உயர்த்த வழியில்லை. அங்கே நிற்கும் அரிசி டிரம் அடுத்த தட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் "15 அங்குலம் இருக்கிறது, 12 அங்குலச் செடி வைக்கலாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கை மேலிருந்து கீழே போட வேண்டும். விளக்கின் உடல் 3 சென்டிமீட்டர். விளக்குக்கும் இலை நுனிக்கும் விட வேண்டிய இடைவெளி 10. மண் இருக்கும் தட்டும், வடியும் தண்ணீரைப் பிடிக்கும் அடித்தட்டும் சேர்த்து 7. மொத்தம் 20 போனால் மிச்சம் 18 சென்டிமீட்டர். செடி தன் வாழ்நாளில் இந்த 18-ஐத் தாண்டக் கூடாது. அல்லது தாண்டும் முன் அது சட்டிக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே எந்தச் செடி என்ற கேள்விக்கு விடை, அறுவடை நாளில் அதன் உயரம் என்ன என்பதிலிருந்து வந்தது. கறிவேப்பிலை வேண்டும் என்று மாமியார் கேட்டார். அது மரம். வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்தாலும் அதற்கு வேண்டிய வேரிடமும் வெயிலும் இங்கே இல்லை, இந்த ராக்கில் வைத்தால் வாடித்தான் போகும் என்று நேராகச் சொன்னேன். தக்காளி, மிளகாய், துளசி ஆகியவற்றுக்கும் இதே பதில். தேறியவை மூன்று. கொத்தமல்லியை 15 முதல் 18 சென்டிமீட்டரில் வேரோடு பிடுங்கலாம். புதினா பக்கவாட்டில் ஓடும் குணமுடையது, நுனி கிள்ளினால் எந்த உயரத்திலும் அடங்கும். மூன்றாவது வெந்தயக் கீரை.

வெந்தயத்துக்கு மும்பையே முன்னோடி. கடலோர மணலில் நெருக்கி விதைத்து, விரல் நீளத்தில் பிடுங்கி, மணல் ஒட்டிய வேரோடு குட்டிக் குட்டிக் கட்டுகளாக விற்கும் சமுத்ர மேத்தியை இந்த ஊர்ச் சந்தைக்குப் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உயரமே இல்லாமல், ஆழமான மண்ணும் இல்லாமல், சில நாட்களில் முடியும் பயிர். இந்த வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பயிரை நான் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தட்டின் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொத்தமல்லி ஆணிவேர்ச் செடி, ஆழம் கேட்கும். ஆனால் தட்டில் கூட்டும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இலையிலிருந்து கழிகிறது. கிள்ளிக் கிள்ளி மாதக் கணக்கில் வைத்திருக்கப்போவதாக இருந்தால் ஆழமான தொட்டி அவசியம். ஒரே அறுவடை என்றால் 5 சென்டிமீட்டர் மண்ணே போதும், தண்ணீரைத்தான் அடிக்கடி கவனிக்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தோம்.

விளக்கு

லோஹார் சால் மின்சாதனச் சந்தையில் நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. பேட்டன் நான்கு வாங்கினோம். வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண வெள்ளை டியூப்தான். நான்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். செடிக்கென்று தனியாக விற்கும் விளக்கு எதையும் வாங்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

நான்கு எதற்கு, 40 வாட்டில் இரண்டு போதாதா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. டியூப் நெடுக்குவாட்டில் வெளிச்சம் தருவதால் அருகில் வைத்தாலும் பல்பைப்போல வட்டம் போடாது. ஆனால் இரண்டு டியூபுக்கு நடுவில் இருள் வரிசை விழும். அது விழாமலிருக்க, டியூபுக்கும் டியூபுக்கும் உள்ள தூரம், டியூபுக்கும் இலைக்கும் உள்ள தூரத்தை விட அதிகம் மிஞ்சக் கூடாது. 45 சென்டிமீட்டர் அகலத் தட்டில் நான்கு டியூபைப் பரப்பினால் இடைவெளி 11 சென்டிமீட்டர். நாங்கள் இலைக்கு விட்டதோ 10. சரியாகப் பொருந்துகிறது. இரண்டே டியூப் என்றால் விளக்கை 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டும், அந்த உயரம் நம்மிடம் இல்லை. உயரம் குறையக் குறைய விளக்கின் எண்ணிக்கை கூட வேண்டும். மொத்த வாட் கூட வேண்டியதில்லை.

நிறத்தையும் உயரமே தீர்மானித்தது. 3000 கெல்வின் மஞ்சள் வெள்ளை, 6500 கெல்வின் நீல வெள்ளை இரண்டும் ஒரே விலைதான். நீல ஒளி தண்டு நீள்வதை அடக்கும், செடி குட்டையாக இலை செறிந்து வரும். இடம் தாராளமாக இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் மாட்டட்டும். 18 சென்டிமீட்டருக்குள் அடக்க வேண்டியவர்கள் 6500-ஐத்தான் வாங்க வேண்டும்.

ராக்கின் மூன்று பக்கமும் பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை வெட்டி, வெள்ளைப் பின்பக்கம் உள்ளே பார்க்கும்படி கட்டினோம். முன்பக்கம் திரைபோலத் தூக்கிவிடலாம். வெளியே சிதறிப் போகும் வெளிச்சம் திரும்பச் செடிக்கே வருகிறது, உறங்குபவர்கள் கண்ணிலும் படுவதில்லை. இதற்குப் பிறகு இலை மட்டத்தில் அளந்தால் நடுவில் 11,000 லக்ஸ், மூலைகளில் 7,000, சராசரியாக 10,000-ஐ ஒட்டி.

இந்த எண் செடிக்கு என்ன சொல்கிறது? லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குப் பயன்படும் ஒளியை, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்று அளப்பார்கள். வெள்ளை எல்.இ.டி.யில் ஏறத்தாழ 70 லக்ஸை 1 மைக்ரோமோல் என்று எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது சுமார் 140 மைக்ரோமோல். ஒரு நாளில் 13 மணி நேரம் எரித்தால் மொத்த ஒளி ஆறரை மோல். பசுமைக்குடில்களில் கீரை வகைகளுக்கு 12-க்கு மேல் கொடுக்கப் பார்ப்பார்கள். நம்மிடம் பாதிதான். அதனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், இலை கொஞ்சம் மெலிதாக இருக்கும், ஆனால் தண்டு வெளுத்துச் சாயாது. இதைத் தொடங்கும்போதே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

13 மணி நேரம் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பகல் நீண்டால் கொத்தமல்லி பூத்தண்டு விடும். 16 மணி, 18 மணி என்று எரித்தால் ஒளி கூடும், ஆனால் செடி இலையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போய்விடும். அந்தப் பூத்தண்டு நேராக டியூபில் போய் முட்டும். அதிகாலை 4 முதல் மாலை 5 வரை என்று டைமரில் வைத்தோம். அந்த வீட்டில் 4 மணிக்கு ஏற்கெனவே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

மின்சாரத்தில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காமல் செய்தோம். இரும்பு ராக், தண்ணீர், 230 வோல்ட் மூன்றும் ஓரிடத்தில் சேர்கின்றன. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியர் மின்கசிவு வந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றைப் போட்டோம். வயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறும்படி கட்டினோம், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். செலவில் கணிசமான பகுதி இதற்குத்தான் போனது. இதைச் செய்ய மனமில்லாத வீட்டில் செடி விளக்கு வைக்க நான் உதவுவதில்லை.

விளக்கு நிற்கும், தட்டு ஏறி இறங்கும்

இந்த வீட்டில் மிகப் பெரிய பலன் தந்தது மிக எளிய ஒரு ஏற்பாடு. விதைத்த அன்று செடியின் உயரம் பூஜ்ஜியம். விளக்கு 28 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. முளைத்த முதல் வாரத்தில்தான் நாற்று வெளிச்சக் குறைவைத் தாங்காது, அப்போதுதான் விளக்கு தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் பலரின் நாற்று முதல் வாரத்திலேயே நீண்டு கெடுகிறது. வழக்கமான தீர்வு, விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு ஏற்றி இறக்குவது. ராக்கில் வரிசையாக வைக்கும் நான்கு மண் தட்டிலும் ஒரே நாளில் விதைத்தால் அது நடக்கும். ஒரு வீட்டுக்கு ஒரே நாளில் நான்கு தட்டு மல்லி எதற்கு?

30 × 45 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தட்டுகள் நான்கு ராக்கின் நீளத்தில் வரிசையாக உட்கார்ந்தன. விளக்கை நிரந்தரமாக மேல் தட்டின் அடியில் திருகிவிட்டோம். ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை 5 சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டு, புதிதாக விதைத்த தட்டின் கீழ் மூன்று துண்டு, பத்து நாள் தட்டின் கீழ் இரண்டு, பாதி வளர்ந்ததன் கீழ் ஒன்று, அறுவடைக்கு நிற்பதன் கீழ் ஒன்றுமில்லை. செடி வளர வளர ஒவ்வொரு துண்டாக உருவினால் இலை நுனிகள் எல்லாம் விளக்கிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கும். நான்கு வயதுப் பயிர் ஒரே விளக்கின் கீழ். மாமியார் இதை ஒரு தடவை பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். எந்தத் தட்டுக்கு எப்போது துண்டு உருவ வேண்டும் என்று அவர்தான் பிள்ளைகளுக்குச் சொல்வார்.

இன்னொரு வேலையையும் அவரிடம் கொடுத்தோம். காலையில் நாற்றுகளின் நுனியை உள்ளங்கையால் மெல்ல ஒரு தடவு. காற்றில் அசையும் செடி தண்டைக் குட்டையாகவும் கெட்டியாகவும் வைத்துக்கொள்ளும், காற்றில்லாத அறையில் கை அந்த வேலையைச் செய்கிறது. நாற்றங்கால்களில் அறிந்த முறைதான் இது. கை வைக்க ஏதாவது பச்சை வேண்டும் என்று கேட்டவருக்கு இதைவிட நல்ல வேலை வேறு கிடையாது.

மண் என்று சொல்லிக்கொண்டாலும் தட்டில் இருந்தது இரண்டு பங்கு தேங்காய் நார்த்தூளும் ஒரு பங்கு மண்புழு உரமும். நார்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து உப்பை வெளியேற்றிய பிறகே கலந்தோம். மும்பைக் குழாய்த் தண்ணீர் பட்சா, வைத்தரணா, தான்சா ஏரிகளிலிருந்து வருவது, உப்புக் குறைவு. சென்னையில் போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது பொறாமையாக இருக்கும்.

நான்கு பருவம்

நவம்பரில் தொடங்கியது நல்ல காலம். கடையில் வாங்கிய முழு மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தோம். உருண்டையாகத் தெரியும் மல்லிக்குள் இருப்பது இரண்டு விதை. ஒன்பதாம் நாள் முளைப்பு, ஏழாவது வாரத்தில் அறுவடை. ஒரு தட்டுக்கு 180 கிராம் போலக் கிடைத்தது. வெந்தயம் மூன்றாம் நாளே தலை தூக்கி, இரண்டு வாரத்துக்குள் தட்டுக்கு 200 கிராம். சந்தைப் புதினாக் கட்டில் நல்ல தண்டுகளைப் பொறுக்கித் தண்ணீரில் வேர் விடச் செய்து நட்டதில், ஜனவரிக்குள் தட்டு மூடிவிட்டது. பிப்ரவரி வரை ஒரு குறையும் இல்லை.

ஏப்ரலில் கொத்தமல்லி நின்றுவிட்டது. சமையலறை வெப்பம் 34 டிகிரி, விளக்கெரியும் ராக்குக்குள் அதைவிடக் கூடுதல். விதைத்ததில் கால் பங்கு கூட முளைக்கவில்லை. முளைத்ததும் கையளவு வளர்வதற்குள் மேல் இலை மெல்லிய நாராகப் பிளந்து பூத்தண்டு எடுத்தது. வெளிச்சத்தையோ தண்ணீரையோ மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கொத்தமல்லி குளிர்காலப் பயிர், மும்பைச் சமையலறையில் ஏப்ரல், மே மாதங்களில் அதை விதைப்பது விதைக்கும் உழைப்புக்கும் கேடு. அக்காவுக்கு மனமில்லை, இன்னொரு தட்டு விதைத்துப் பார்த்தார், அதுவும் அதே கதி.

கோடைக்கு முளைக்கீரைக்கு மாறினோம். வெப்பத்தை விரும்பும் பயிர், மூன்றரை வாரத்தில் 15 சென்டிமீட்டரில் பிடுங்கலாம். விளக்கு நேரத்தையும் பிரித்தோம்: அதிகாலை 3 முதல் 11 வரை, மறுபடி மாலை 6 முதல் 10 வரை. உச்சி வெப்பத்தில் விளக்கின் சூடு சேராது. கொத்தமல்லி இருந்திருந்தால் இரவை இப்படிச் சுருக்கினால் பூத்துவிடும். முளைக்கீரை வகைகளில் பலவும் நேர்மாறு, பகல் குறுகினால்தான் பூக்கும். அதனால் இந்தப் பிரிப்பு கோடைப் பயிருக்குப் பொருந்தியது. கீரை செழித்தது என்று சொல்ல மாட்டேன். வெயில் குடித்து வளரும் பயிருக்கு ஆறு மோல் ஒளி போதாது. தண்டு மெலிந்துதான் வந்தது. கூட்டு வைக்கப் போதுமானதாக இருந்தது.

ஜூனில் மழை. வெக்கை இறங்கியது, கொத்தமல்லி திரும்பி வந்தது, கூடவே கொசுவை விடச் சிறிய கறுப்பு ஈக்களும் வந்தன. ஈரம் காயாத நார்த்தூளின் மேற்பரப்பில் முட்டையிடுபவை, அவற்றின் புழு இளவேரைத் தின்னும். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, அடித்தட்டில் ஊற்றி அரை மணி உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கவிழ்த்துவிடும் முறைக்கு வந்தோம். மேலே அரை சென்டிமீட்டர் கழுவிய மணல். மஞ்சள் பசை அட்டை இரண்டு. மேற்பரப்பு காய்ந்ததும் ஈ குறைந்தது, முற்றாக ஒழிய ஆகஸ்ட் ஆனது.

அடித்தட்டுத் தண்ணீரில் இன்னும் பெரிய ஆபத்து ஏடிஸ் கொசு. தெளிந்த தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே அதற்குப் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து தொட்டித் தட்டுகளைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசுவின் முட்டை தட்டின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் வாரம் ஒரு நாள் அடித்தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது அந்த வீட்டின் ஞாயிறு வேலையானது. டெங்கு வந்த வீடுகளைத் தாராவியில் பார்த்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

ஈரத்தைப் பற்றி இன்னொரு கவலையும் எனக்கு இருந்தது. கோவண்டியில் இப்படி நெருக்கிக் கட்டிய மறுவாழ்வுக் கட்டடங்களில் காற்றும் வெளிச்சமும் இல்லாததைக் காசநோயோடு சேர்த்து மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் செடி மேலும் ஈரத்தைச் சேர்க்கக் கூடாது. விளக்கெரியும் நேரத்தில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு பொழுதாவது ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சுவரில் பூஞ்சைக் கறை வந்தால் தட்டுகளைக் குறைப்போம் என்பதும் பேச்சு. அந்த மழையில் கறை வரவில்லை.

வரவும் செலவும்

80 வாட், 13 மணி நேரம். நாளுக்கு 1.04 யூனிட், மாதத்துக்கு 31 யூனிட். நல்ல மாதத்தில் கிடைத்தது கால் கிலோ மல்லி, 400 கிராம் வெந்தயக் கீரை, வாரம் இரண்டு பிடி புதினா. அவரவர் பில்லில் யூனிட்டுக்கு என்ன வருகிறதோ அதால் பெருக்கிப் பார்த்தால், மல்லி மலிவாகக் கிடைக்கும் ஜனவரியில் இது நஷ்டம். மழையில் இலைக்கட்டுகள் அழுகி வாஷி சந்தைக்கு வரத்து குறைந்து விலை ஏறும் வாரங்களில் கையைக் கடிக்காது. பணம் மிச்சமாகும் என்று சொல்லி இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் யாரும் இதைப் பணமாகப் பார்க்கவில்லை. தண்டவாளம் ஓரம் எந்தத் தண்ணீரில் வளர்ந்ததோ என்ற சந்தேகத்தோடு கீரை வாங்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு, தன் கண் முன்னால் வளர்ந்த கீரையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரிய விஷயம். மாமியார் காலை நான்கு மணிக்கு விளக்கெரிந்ததும் எழுந்து ராக்குக்குப் போய்விடுகிறார். முன்பெல்லாம் எட்டு மணி வரை படுத்தே இருப்பாராம். முதுமையில் இப்படி வீடு மாறி வந்தவர்களுக்குச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற வீடுகளுக்கு

இந்தக் கணக்கில் மாறாதது 20 சென்டிமீட்டர் கழிவு. மாட்டுங்காவில் பழைய கட்டடத்து வீட்டில் சமையலறைப் பரணுக்குக் கீழே இரண்டடி கிடைத்தால் 60-இல் 20 போக 40 மிஞ்சும், அங்கே தண்டுக்கீரை கூட வரும். ஓட்டா எனும் சமையல் மேடைக்கு அடியில் ஓரடி மட்டும் என்றால் 10 சென்டிமீட்டர், அங்கே வெந்தயம் ஒன்றுதான். ஓரடிக்கும் கீழே போனால் முளைவிட்ட பயறோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்கு விளக்கும் வேண்டாம். வாங்குவதற்கு முன் டேப்பால் அளந்து 20-ஐக் கழியுங்கள். மிச்சத்தைப் பார்த்துவிட்டு விதை வாங்குங்கள்.

டியூப் வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். நான்கடி பேட்டன் 117 சென்டிமீட்டரை ஒட்டி வரும், ராக்கின் தூண்களுக்கு நடுவில் அடங்க வேண்டும். சிறிய ராக்குக்கு இரண்டடி பேட்டன் கிடைக்கும், ஆனால் இரண்டு சேர்ந்தால்தான் ஒரு நான்கடிக்குச் சமம்.

இந்த வீட்டில் இப்போது ராக்கின் கீழ்த் தட்டையும் காலி செய்யும் பேச்சு நடக்கிறது. அதன் உயரம் 12 அங்குலம். அங்கே வெந்தயம் மட்டும் போட்டு, இப்போது செடி இருக்கும் மேல் தட்டு முழுவதையும் மல்லிக்கும் புதினாவுக்கும் விடலாம் என்பது மாமியாரின் திட்டம். கீழ்த் தட்டு விளக்கின் சூடு மேல் தட்டின் அடியில் ஏறும். டிசம்பரில் அது மல்லி முளைப்புக்கு உதவக்கூடும், ஏப்ரலில் நிச்சயம் கெடுக்கும். அதனால் குளிர்காலத்துக்கு மட்டும் கீழ்த் தட்டு என்று சொல்லியிருக்கிறேன். கணவர் பேட்டனுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் மாட்டுவதாக இருக்கிறார்கள்.